சுற்றுகளைக் குறைத்தால் சிக்னல் ஏன் சிறக்கிறது?

ஈதர்நெட் கேபிளைச் செருகும் இடத்துக்குப் பின்னால் ஒரு சிறு மின்மாற்றி இருக்கிறது. 100 மீட்டர் இடைவெளியில் உள்ள இரு கருவிகளின் எர்த் மட்டம் ஒன்றாக இருக்காது. கம்பியால் நேரடியாக இணைத்தால் அந்த வேறுபாடே சிப்பைக் கருக்கிவிடலாம். ஆகவே சிக்னல் காந்தப்புலம் வழியாகக் கடக்கிறது. இடையிலுள்ள காப்பு 1,500 வோல்ட்டை ஒரு நிமிடம் தாங்குவது, ஐஇஇஇ 802.3 தரநிலை ஏற்கும் சோதனைகளில் ஒன்று. ஆனால் காப்பு கெட்டியாக இருந்தால் மட்டும் போதாது. அடுத்தடுத்த இரு சுருள்கள் ஒரு மின்தேக்கியாகவும் செயல்படுகின்றன. 10 பிக்கோஃபாரட் தேக்கம், 100 மெகாஹெர்ட்ஸில் சுமார் 160 ஓம் மட்டுமே தடுக்கும். இரைச்சல் அவ்வழியே எளிதில் தாவிவிடும்.

சுருள்களை விலக்கி வைத்தால் என்ன? தேக்கம் குறையும், ஆனால் காந்தப்பாயம் கசிந்து, சிக்னலின் கூர்மை மழுங்கும். தேக்கம், கசிவு இரண்டையும் ஒருசேரக் குறைக்கும் வழி, சுற்றுகளின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான். 100 மெகாபிட் ஈதர்நெட்டுக்கு 350 மைக்ரோஹென்றி தூண்டம் வேண்டுமே என்று கேட்கலாம். தூண்டம் சுற்றுகளின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், நான்கு மடங்கு உட்புகுதிறன் கொண்ட ஃபெரைட் வளையத்தில் பாதிச் சுற்றுகளே போதும். அத்தகைய ஃபெரைட் உயர் அதிர்வெண்ணில் தளர்ந்துவிடும் என்பது உண்மையே. ஆயினும் அதிர்வெண் ஏற ஏறத் தேவைப்படும் தூண்டமும் குறைகிறது. அந்த உயர் அதிர்வெண்ணில் முறுக்கிச் சுற்றிய கம்பிகளே சிக்னலைக் கடத்த உதவுகின்றன. எஞ்சும் இரைச்சலைப் பொதுமுறைச் சோக் தடுக்கும்: எதிரெதிராக ஓடும் சிக்னலின் பாயம் அதில் ரத்தாகும், ஒரே திசையில் வரும் இரைச்சலுக்கோ அது தடையாகும். ஆகவே மேம்பாடு தொடங்க வேண்டிய இடம், தேர்ந்த வளையமும் குறைந்த சுற்றுகளுமே.