தேதி கிழிக்கும் காலண்டரும் ஒரு குத்துக் கம்பியும்

ரசாயன விவசாயம் செய்கிறவருக்கு உரக்கடைக்காரரே ஞாபகப்படுத்திவிடுவார். "அண்ணே, ரெண்டாவது மேலுரம் போட்டாச்சா?" என்று கேட்பார், அதில் அவருக்கு வியாபாரம் இருக்கு. நமக்கு இடுபொருள் எல்லாம் வீட்டிலேயே தயாராகிறது. அதனால் நாள் கணக்கையும் நாமேதான் வச்சுக்கணும்.

அந்தக் கணக்கு சின்னதில்லை நண்பர்களே. 200 லிட்டர் ஜீவாமிர்தம் இன்னிக்குக் கரைத்தால், காலை மாலை கலக்கிவிட்டு 48 மணி நேரம் கழித்துப் பாய்ச்சணும்; ஒரு வாரத்துக்குள் தீர்த்துடணும். தக்கைப்பூண்டை 45 நாள் வாக்கில், பூ எடுக்கும்போது மடக்கி உழணும். தள்ளிப்போனால் தண்டில் நார் ஏறி, மக்காமல் கிடந்து நடவுக்கு இடைஞ்சல் பண்ணும். ஒற்றை நாற்று நடவில் நட்ட 10-ஆம் நாள் கோனோவீடர் உருட்டணும், பிறகு 10 நாளைக்கு ஒரு தடவை. முதல் உருட்டலை விட்டால் களை முந்திக்கும். களைக்கொல்லி அடிக்காத நமக்கு அதுக்கப்புறம் கைக்களைதான், ஆள் கூலிதான். நடுவில் அடங்கல் வாங்குவது, சான்றிதழுக்கான பண்ணைக் குறிப்பேடு, மோட்டார் காயில், பேரன் பிறந்தநாள்.

இதற்கெல்லாம் நான் வச்சிருக்கிற முறை வங்கியில் கற்றது. ஒவ்வொரு கிளையிலும் 'டியூ டேட் டைரி' என்று ஒன்று இருக்கும். பிராமிசரி நோட்டு எழுதிக் கடன் கொடுத்தால், 3 வருஷம் முடிவதற்குள் கடன்தாரர் ஏதாவது பணம் கட்டியிருக்கணும், அல்லது பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கணும். இரண்டும் இல்லாவிட்டால் 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி அந்தக் கடனுக்கு வழக்குப் போட முடியாது. லட்ச ரூபாயாக இருந்தாலும் காகிதம் காகிதம்தான். 3 வருஷத்தை யார் மனசில் வச்சிருப்பார்? அதனால் கடன் கொடுத்த அன்றே, கெடு முடிவதற்குச் சில மாதம் முந்தைய தேதியில் அதை எழுதிவிடுவோம். அந்தப் பக்கம் வரும்வரை அதைப் பற்றி யாரும் நினைக்க வேண்டியதில்லை.

இதில் விஷயம் என்னவென்றால், வேலையைப் பட்டியலில் எழுதுவதில்லை, அது கண்ணில் பட வேண்டிய நாளில் எழுதுகிறோம். 40 வேலை உள்ள பட்டியலைத் தினம் பார்த்தால் நாலாம் நாள் கண் அதைத் தாண்டிப் போயிடும்.

வயலுக்கு நான் டைரி வாங்கவில்லை. நம் எல்லார் வீட்டிலும் தேதி கிழிக்கும் காலண்டர் தொங்குகிறதே, ராகுகாலம், மேல்நோக்கு நாள் எல்லாம் போட்டு, அதேதான். தக்கைப்பூண்டு விதைத்த அன்று தாள்களைத் தூக்கி, 43-ஆம் நாள் தாளின் ஓரத்தில் சிவப்புப் பேனாவால் 'டிராக்டருக்குச் சொல்' என்று எழுதினேன். உழுகிற நாளில் எழுதினால் டிராக்டர் கிடைக்காது. இதைப் பழகிக்கொள்ளத்தான் கொஞ்சம் நாளாகும்.

கிழித்த தாளில் வேலை எல்லாம் முடிந்திருந்தால் அடுப்புக்குப் போகும். பாக்கி இருந்தால் மளிகைக் கடையில் பில் குத்துவார்களே, அந்த மாதிரிக் கம்பியில் குத்திடுவேன். கம்பியில் அஞ்சு தாளுக்கு மேல் சேர்ந்தால் புது வேலை எதையும் இழுத்துப் போட்டுக்கொள்வதில்லை.

தேதியே இல்லாத வேலைகள் ஒரு சிலேட்டில். 'மழை பெஞ்சா வரப்போரம் அகத்தி', 'டவுனுக்குப் போனா மண்வெட்டிக் காம்பு', இப்படி. புறப்படும்போது சிலேட்டை ஒரு பார்வை பார்த்தால் போதும்.

செல்போனில் இதைவிட நல்லா பண்ணலாம் என்கிறான் மகன், ஒரு செயலியும் ஏற்றிக் கொடுத்தான். நல்ல செயலிதான். ஆனால் அது என் சட்டைப்பைக்குள் இருக்கிறது, காலண்டர் திண்ணைச் சுவரில் இருக்கிறது. மகள் பிரசவத்துக்காக நானும் மனைவியும் 12 நாள் வெளியூரில் இருந்தோம். பண்ணையைப் பார்த்துக்கொண்டது எங்களிடம் வேலை செய்யும் அக்கா. அஞ்சாவது வரை படித்தவர். தினம் காலையில் தாளைக் கிழித்து, அதில் இருந்ததைச் செய்து, பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். ஒரு நாள்கூட நான் போன் பண்ணி ஞாபகப்படுத்தவில்லை.

திரும்பி வந்து இரண்டு வாரம் கழித்து ஒரு தாளில் என் கையெழுத்து இல்லாத ஒரு வரி: 'மாடு பாரு'. விசாரித்தால், நாங்கள் இல்லாதபோது பசு பருவத்துக்கு வந்திருக்கிறது, ஊசி போட வைத்திருக்கிறார். சினை நிற்காவிட்டால் 21 நாளில் திரும்பவும் பருவத்துக்கு வரும் என்று 21 தாள் எண்ணி அவரே எழுதியிருக்கிறார். "நீங்க தக்கைப்பூண்டுக்கு எண்ணுனீங்களே சார், அதான்" என்றார். அன்று இருவரும் பசுவைச் சாயங்காலம் வரை கவனித்தோம். அமைதியாக அசை போட்டுக்கொண்டிருந்தது. டாக்டரைக் கூப்பிட்டுச் சினைப் பரிசோதனை செய்யும் நாளையும் அவரே எண்ணி எழுதிவிட்டார்.

ஈற்றுக்குச் சுமார் 280 நாள். அது அடுத்த வருஷத்துக் காலண்டரில் வரும், அது இன்னும் வீட்டுக்கு வரவில்லை. அதற்காக டிசம்பர் 31 தாளின் பின்பக்கத்தை ஒதுக்கியிருக்கிறோம். புதுக் காலண்டர் மாட்டியதும் அதிலிருந்து எடுத்து எழுதுவது அக்காவின் வேலை.