பண்டிகைச் செலவும் கேஷ்பேக் கடன் அட்டையும்

தீபாவளி மாதத்தில் மளிகைக் கடைக்காரர் நிலைமை விசித்திரமானது. வியாபாரம் ஆண்டிலேயே அதிகம். கையில் ரொக்கம் ஆண்டிலேயே குறைவு. கடலை மாவு, மைதா, சர்க்கரை, எண்ணெய், நெய், முந்திரி என்று இருக்கிற முதலையெல்லாம் சரக்கில் போட்டுவிட்டு நிற்கிறோம். மாதக் கணக்கு வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் அடுத்த மாதச் சம்பளம் வந்த பிறகுதான் பற்றை நேர் செய்வார்கள். மண்டிக்கோ கெடு தவறாமல் கொடுத்தாக வேண்டும். சரியாக இந்தச் சமயத்தில்தான் ஜவுளி, பட்டாசு, பெண்ணுக்குத் தலைதீபாவளிச் சீர் என்று வீட்டுச் செலவுகள் வரிசையில் வந்து நிற்கின்றன. பலர் கல்லாவில் கை வைக்கிறார்கள். சிலர் தண்டல்காரரைத் தேடிப் போகிறார்கள்.

இந்த ஐம்பது நாள் இடைவெளியைக் கடக்க, செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் கடன் அட்டை, அதாவது கேஷ்பேக் கிரெடிட் கார்டு, நமக்கு உதவுமா? உதவும். ஆனால் வீட்டுச் செலவுக்கு மட்டும். அதுவும் ஒரு நிபந்தனையோடு. அந்த நிபந்தனை என்ன என்பதைத்தான் இங்கே விளக்க முற்படுகிறோம்.

முதலில், திருப்பித் தரும் பணம் யாருடையது என்று தெரிந்துகொள்வது நல்லது. நம் நாட்டில் 1980இல் சென்ட்ரல் பாங்க் கடன் அட்டை வெளியிட்டது. செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் ஏற்பாட்டைப் பிரபலமாக்கியது அமெரிக்காவில் 1986இல் வந்த டிஸ்கவர் அட்டை. அதை வெளியிட்டது சியர்ஸ் என்ற சில்லறை விற்பனை நிறுவனம். அதாவது கடைக்காரர் மூளையில் உதித்த யோசனைதான். கடைக்காரர் பணத்தில்தான் இன்றும் அது நடக்கிறது. ஒருவர் 1,000 ரூபாய்க்கு அட்டையைத் தேய்த்தால், கடைக்காரரிடம் சுமார் நூற்றுக்கு இரண்டு ரூபாய் கட்டணம் பிடிக்கிறார்கள். 20 ரூபாய் போக, கடைக்காரர் கணக்கில் 980 ரூபாய் வரும். பிடித்த கட்டணத்தில் பெரும் பங்கு அட்டை கொடுத்த வங்கிக்குச் சேருகிறது. அதிலிருந்து பத்து ரூபாயை எடுத்து வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிட்டு, ‘ஒரு சதவீதம் கேஷ்பேக்’ என்று விளம்பரம் செய்கிறார்கள். கவனக்குறைவான அட்டைதாரர்கள் கட்டும் வட்டியும் இந்தத் தாராளத்துக்குத் துணை.

இனி நமக்கு ஆகும் நன்மையைப் பார்ப்போம். ஒவ்வோர் அட்டைக்கும் பில் போடும் தேதி ஒன்று, பணம் கட்டக் கெடு தேதி ஒன்று உண்டு. பில் தேதி பத்தாம் தேதி, கெடு இருபது நாள் கழித்து என்று வைத்துக்கொள்வோம். அக்டோபர் 9ஆம் தேதி ஜவுளி எடுத்தால் அக்டோபர் 30க்குள் கட்ட வேண்டும். 21 நாள்தான் கிடைக்கும். அதே ஜவுளியை இரண்டு நாள் பொறுத்து 11ஆம் தேதி எடுத்தால், அது நவம்பர் 10ஆம் தேதி பில்லில் வந்து, நவம்பர் 30 வரை 50 நாள் தவணை கிடைக்கிறது. அதற்குள் பற்று வரவுகள் வந்து, பண்டிகைச் சரக்கும் காசாகிவிடும். பில் தேதி நமக்கு ஒத்துவராவிட்டால் மாற்றிக் கேட்கலாம்; ஒரு முறையாவது மாற்றித்தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

40,000 ரூபாய் செலவு என்று கணக்கிடுவோம். கடையில் எடுத்த 25,000க்கு ஒரு சதவீதம் 250 ரூபாய். இணையத்தில் வாங்கிய 15,000க்கு ஐந்து சதவீதம் 750 ரூபாய். ஆக 1,000 ரூபாய் மிச்சம். இதைவிட முக்கியமானது, கல்லாவிலிருந்து 40,000 வெளியே போகாமல் தொழிலிலேயே நின்றது. ரொக்கத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் தள்ளும் மண்டியில் அதைக் கொண்டு சரக்கு எடுத்தால் 400 ரூபாய். ஐம்பது நாளில் இரண்டு சுற்று வந்தால் 800. அட்டைக் கம்பெனிகள் விளம்பரம் செய்யாத லாபம் இது. வியாபாரி தவிர வேறு யாருக்கும் கிடைக்காது.

நிபந்தனை என்று சொன்னது, கெடு தேதியில் முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும் என்பதுதான். பில்லில் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். பொதுவாக நூற்றுக்கு ஐந்து அளவில் இருக்கும். 40,000க்கு 2,000 கட்டினால் போதும் போலத் தோன்றும். மீதி 38,000க்கு மாதம் மூன்றரை வட்டி என்றால் 1,330 ரூபாய். அதன்மேல் ஜி.எஸ்.டி. 239 ரூபாய். ஆக ஒரே மாதத்தில் 1,569. நாம் சந்தோஷப்பட்ட 1,000 ரூபாய் போய், மேற்கொண்டு 569 கைநஷ்டம். அதோடு நிற்பதில்லை. முழுதும் கட்டாவிட்டால் ஐம்பது நாள் சலுகையே ரத்தாகி, வாங்கிய நாளிலிருந்தே வட்டி போடுவார்கள். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாள் கிடையாது. மாதம் மூன்றரை என்பது ஆண்டுக்கு 42 சதவீதம். 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் கூறியது. அந்தத் தீர்ப்பை உச்சநீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. ஆகவே அட்டை வாங்குமுன் வட்டி விகிதத்தை நாமே படித்துப் பார்த்தாக வேண்டும். சிறிய எழுத்தில்தான் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கலாம்.

வங்கிக் கணக்கிலிருந்து முழுத் தொகையும் தானாகவே கட்டும்படி எழுதிக் கொடுத்துவிடுவது உத்தமம். படிவத்தில் ‘முழுத் தொகை’ என்ற கட்டத்தில் குறியிட்டிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

கேஷ்பேக் என்ற பெயரைப் பார்த்து நோட்டாகக் கைக்கு வரும் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் அடுத்த பில்லில் கழித்துக் கொடுப்பார்கள். மாதத்துக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு உண்டு. பெட்ரோல், வாடகை, நகை, இன்ஷூரன்ஸ் போன்றவற்றுக்குப் பல அட்டைகளில் கிடையாது. பொருளைத் திருப்பிக் கொடுத்தால் கேஷ்பேக்கையும் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். ‘வட்டியில்லாத் தவணை’ என்பதும் அப்படித்தான். பூஜ்ய வட்டி என்று ஒன்று உண்மையில் இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2013இல் சொல்லிவிட்டது. நாமும் சரக்கு விற்பவர்கள். இலவசம் எங்கே ஏற்றப்படுகிறது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆண்டுக் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள். கட்டணம் 500 என்றால், நூற்றுக்கு ஒன்று தரும் அட்டையில் 50,000 செலவு செய்த பிறகுதான் முதல் காசு மிஞ்சும். அதற்குமேல் ஜி.எஸ்.டி. வேறு.

சரக்குக் கொள்முதலுக்கு இந்த அட்டையை நீட்டலாமா என்று நம் மண்டிகளில் கேட்பதுண்டு. சர்க்கரையிலும் எண்ணெயிலும் மொத்த வியாபாரிக்கு நூற்றுக்கு இரண்டு நிற்பதே அரிது. அதை அட்டைக் கட்டணமாகக் கொடுத்துவிட்டு அவர் எப்படிக் கட்டுபடியாக்குவார்? விலையில் ஏற்றுவார், அல்லது ரொக்கத் தள்ளுபடியை நிறுத்துவார். ஒரு ரூபாய் கேஷ்பேக்குக்காக இரண்டு ரூபாய் இழப்பது வியாபாரம் ஆகாது.

பணமுடை வந்தபோது சொந்த அட்டையைச் சொந்தக் கடை மெஷினிலேயே தேய்த்து, விற்பனை நடந்ததாகக் காட்டிப் பணம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். இது வங்கி ஒப்பந்தத்துக்கு விரோதமானது. கண்டுபிடித்தால் மெஷினும் போகும், அட்டையும் போகும். இல்லாத விற்பனை கணக்கில் ஏறி, ஜி.எஸ்.டி.யிலும் பதில் சொல்ல நேரிடும். ஏ.டி.எம்.மில் கடன் அட்டை போட்டு ரொக்கம் எடுப்பதும் வேண்டாம். எடுத்த நிமிடத்திலேயே கட்டணம், அன்றிலிருந்தே வட்டி. அட்டையில் செய்த வீட்டுச் செலவைப் பேரேட்டில் சொந்தச் செலவு என்ற தலைப்பிலேயே எழுதுங்கள். கடைச் செலவோடு கலந்தால் ஆண்டு முடிவில் ஆடிட்டர் முன்னால் தலையைச் சொறிய வேண்டியிருக்கும்.

வாடிக்கையாளர் நம்மிடம் அட்டை நீட்டும்போதும் கவனம் தேவை. 2020 ஜனவரி முதல் வங்கிக் கணக்கிலிருந்து வரும் யு.பி.ஐ. பணத்துக்கும் ரூபே டெபிட் அட்டைக்கும் கடைக்காரரிடம் கட்டணம் கிடையாது. ரூபே கடன் அட்டையை யு.பி.ஐ.யில் இணைத்து கியூ.ஆர். வழியே கட்டும் வசதி 2022இல் வந்தது. சிறு வணிகர் என்று வகைப்படுத்திய கடைகளுக்கு இதில் 2,000 ரூபாய் வரை கட்டணம் இல்லை. நம் கடை அந்த வகையில் இருக்கிறதா என்று வங்கியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பண்டிகை மாதத்தில் 1,800 ரூபாய் பில்லுக்கு, மெஷினில் தேய்த்தால் 36 ரூபாய் போகும், கியூ.ஆரில் வாங்கினால் ஒன்றும் போகாது. வாடிக்கையாளருக்குப் பெரும்பாலும் நஷ்டமில்லை, ஒரு வார்த்தை சொன்னால் மாற்றிக் கட்டுவார்.

பண்டிகை முடிந்து அட்டை வேண்டாம் என்று தோன்றினால், பாக்கியை முழுதும் கட்டிவிட்டு எழுத்து மூலம் மூடச் சொல்லுங்கள். ஏழு வேலை நாட்களுக்குள் வங்கி மூடித்தர வேண்டும். தாமதித்தால் நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் வீதம் நமக்கு அபராதம் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022இல் உத்தரவிட்டிருக்கிறது. மனு கொடுத்த தேதிக்கு அத்தாட்சி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.