நிலையங்கள் வழியே பண்பாட்டு வரலாறு: பத்துமலை – பிரிக்பீல்ட்ஸ் இருப்புப்பாதையில் ஒரு மாணவர் களஆய்வுத் திட்டம்

முன்னுரை

மலாயாவின் முதல் இருப்புப்பாதை 1885ஆம் ஆண்டு தைப்பிங் நகரையும் போர்ட் வெல்ட் துறையையும் இணைத்தது. அடுத்த ஆண்டில் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரைக்கும் இடையே பாதை திறக்கப்பட்டது. ஈயத்தைத் துறைமுகத்திற்குக் கொண்டு செல்வதே இவற்றின் முதல் நோக்கம். மலாயா இருப்புப்பாதைகளை அமைப்பதிலும் பராமரிப்பதிலும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பெரும்பங்கு ஏற்றனர். எழுத்தராகவும் நிலையத் தலைவராகவும் பணியாற்றியவர்களுள் இலங்கைத் தமிழர் பலர். இவ்விரு பிரிவினரும் குடியேறிய இடங்களில் கோயில்களும் பள்ளிகளும் சங்கங்களும் தோன்றின.

எனவே இருப்புப்பாதை என்பது பண்பாட்டுத் தலங்களுக்குச் செல்லும் வழி மட்டுமன்று; அவற்றுட் பலவற்றைத் தோற்றுவித்த காரணமும் அதுவே. இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டு, பத்துமலை முதல் பிரிக்பீல்ட்ஸ் வரையிலான பாதையில் தமிழ் பயிலும் மாணவர்கள் மேற்கொள்ளத்தக்க களஆய்வுத் திட்டமொன்றின் அமைப்பை இக்கட்டுரை விளக்குகிறது.

களத் தேர்வு

கோலாலம்பூருக்கு வடக்கே ஏறத்தாழ 13 கி.மீ. தொலைவிலுள்ள பத்துமலையிலிருந்து செந்தூல், பழைய கோலாலம்பூர் நிலையம் ஆகியவற்றின் வழியாகப் பிரிக்பீல்ட்ஸ் பகுதியை ஒட்டிய கே.எல். சென்ட்ரல் வரை புறநகர்த் தொடர்வண்டி செல்கிறது. இந்நான்கு இடங்களும் ஒரே பாதையில் அமைந்திருப்பதால், குறைந்த செலவில் பலமுறை சென்று ஆய்வு செய்ய இயலும். வழிபாடு, தொழில், நிருவாகம், குடியிருப்பு என்னும் நான்கு கூறுகளும் இப்பாதையில் நிலையத்திற்கு ஒன்றாக முதன்மை பெறுகின்றன.

நிலையங்கள் காட்டும் வரலாறு

பத்துமலை முருகன் கோயிலை நிறுவியவர் கா. தம்புசாமிப் பிள்ளை. இருப்புப்பாதைப் பணிக்குத் தமிழகத்திலிருந்து ஆட்களை வரவழைத்ததில் அவருக்குப் பங்கிருந்ததாக அவர்தம் வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. கோயில் தோன்றிய ஆண்டை 1890 என்று சிலரும் 1891 என்று சிலரும் எழுதுவர். தைப்பூச விழா 1892 முதல் நடைபெற்று வருகிறது. 272 படிகளையும், 2006இல் திறக்கப்பெற்ற 42.7 மீட்டர் உயர முருகன் திருவுருவையும் காண்போர் பலர். பெயரின் வரலாற்றை எண்ணுவோர் சிலரே. 'பத்து' என்பது கல்லைக் குறிக்கும் மலாய்ச் சொல்; அருகிலுள்ள ஆற்றின் பெயரிலும் அச்சொல் உள்ளது. தமிழ்ச் செவி அதனை எண்ணுப்பெயராகக் கொண்டு பத்தாவது மலை எனப் பொருள் கூறிற்று. இடப்பெயராய்வின் முதற்பாடத்தை மாணவர் இங்கேயே கற்கலாம்.

செந்தூலின் மையப் பணிமனை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1945இல், நேச நாடுகளின் வானூர்திகள் அதன்மீது குண்டு வீசின. பணிமனையைச் சுற்றித் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்தன. தம்புசாமிப் பிள்ளையின் பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளியும் செந்தூலில் உள்ளது. பழைய இருப்புப்பாதை வளாகக் கட்டடம் ஒன்று 2005 முதல் நிகழ்கலை மையமாக இயங்கி வருகிறது. கட்டடம் எஞ்சிற்று, அங்கு உழைத்தவர்களின் பெயர்கள் எங்கே என்னும் வினாவை மாணவர் எழுப்புதல் வேண்டும்.

கோலாலம்பூரின் பழைய நிலையக் கட்டடம் 1910இல் ஆர்தர் பெனிசன் ஹப்பக்கின் வடிவமைப்பில் எழுந்தது. அதற்கு அண்மையிலேயே 1873இல் தோன்றிய மகாமாரியம்மன் கோயில் முதலில் இருந்தது என்றும், 1885இல் இன்றைய இடத்திற்கு மாறிற்று என்றும் கூறுவர். தைப்பூசத்தின்போது வெள்ளித்தேர் இக்கோயிலிலிருந்தே பத்துமலைக்குப் புறப்படுகிறது. தேர் செல்லும் வழியையும் தொடர்வண்டி செல்லும் வழியையும் ஒரே வரைபடத்தில் குறித்து ஒப்பிடுவது மாணவர்க்கு உரிய பயிற்சியாகும்.

பிரிக்பீல்ட்ஸில் இலங்கைத் தமிழர் அமைத்த கந்தசுவாமி கோயிலும், 1904இல் தொடங்கிய விவேகானந்தர் ஆசிரமமும் உள்ளன. இங்கிருந்த இருப்புப்பாதை நிலப்பகுதியிலேயே 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பெற்றது.

எழுதப்பட்டதும் எழுதப்படாததும்

நிலையங்களை வரிசையாக நோக்கும்போது ஓர் உண்மை புலப்படும். எழுத்தறிவும் அலுவலகப் பதவியும் பெற்றிருந்தோர் சங்கங்களை நிறுவினர். அறிக்கைகளும் மலர்களும் கல்வெட்டுகளும் விட்டுச் சென்றனர். தண்டவாளத்தில் உழைத்தோர் விட்டுச் சென்றவை பெரும்பாலும் சிறு வழிபாட்டிடங்களும் வாய்மொழி நினைவுகளுமே. சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுன் பகுதியிலுள்ள முனீஸ்வரன் ஆலயமும் 1932இல் இருப்புப்பாதைத் தொழிலாளரின் சிறு வழிபாட்டிடமாகத் தொடங்கியதே. நூலகத்தை மட்டும் நம்பும் ஆய்வு முதற்பிரிவினரின் வரலாற்றையே மீண்டும் எழுதும்.

இவ்வேறுபாட்டின் விளைவைப் பிரிக்பீல்ட்ஸில் காணலாம். விவேகானந்தர் ஆசிரம வளாகத்தில் அடுக்குமாடிக் கட்டடம் எழுப்பும் திட்டத்திற்கு 2014இல் பொதுமக்களிடையே எதிர்ப்பு எழுந்தது; 2016இல் அக்கட்டடம் மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது. இருப்புப்பாதை ஊழியரும் அரசு ஊழியரும் தலைமுறைகளாக வாழ்ந்த 'நூறு குடியிருப்பு' வரிசைகளோ புதிய வளர்ச்சித் திட்டங்களுக்காக இடிக்கப்பெற்றன. பெயரும் ஆண்டும் பொறித்து நிற்கும் கட்டடத்திற்காக வாதாடுவது எளிது. பெயரற்ற வீட்டு வரிசைக்காக வாதாடுவது அரிது. அவ்வீடுகளில் வாழ்ந்தோரின் நினைவுகளேனும் பதிவு பெறுதல் இன்றியமையாதது. முதிய தலைமுறையினர் உள்ளபோதே அது நிகழ்தல் வேண்டும்.

ஆய்வு முறை

திட்டத்தை நான்கு படிகளாக அமைக்கலாம்.

முதலாவது, முன்னாய்வு. ஒவ்வொரு நிலையத்திற்கும் ஒரு குழு பொறுப்பேற்று, பழைய வரைபடங்கள், செய்தித்தாள்கள், கோயில் மலர்கள் ஆகியவற்றைத் தொகுத்தல் வேண்டும்.

இரண்டாவது, களப்பதிவு. உபயக்காரர் பெயர்ப்பலகைகள், அடிக்கல்கள், கல்லறை வாசகங்கள் ஆகியவற்றைப் படியெடுக்க வேண்டும். பெயருடன் தொழிலும் சொந்த ஊரும் குறிக்கப்பட்டிருப்பின் அவற்றை விடாது எழுதிக்கொள்ள வேண்டும். 'கிராணி', 'கங்காணி' போன்ற சொற்கள் குடியேற்றச் சமூகத்தின் படிநிலைகளை உணர்த்துவன.

மூன்றாவது, நேர்காணல். இருப்புப்பாதையில் பணியாற்றியோரையும் அவர்தம் குடும்பத்தாரையும் ஒப்புதல் பெற்றுச் சந்திக்க வேண்டும். பெண்களின் நினைவுகளுக்குச் சமஇடம் அளித்தல் வேண்டும். வீட்டு வாழ்க்கையையும் அண்டை அயல் உறவையும் பற்றி அவர்கள் தரும் செய்திகள் அலுவலகப் பதிவுகளில் இடம்பெறுவதில்லை. சாலையைச் 'சடக்கு' என்பது போன்ற மலேசியத் தமிழ் வழக்குகளைத் திருத்தாது அவ்வாறே எழுதுதல் வேண்டும்.

நான்காவது, சரிபார்ப்பு. ஒரே செய்தி இரு வேறு சான்றுகளால் உறுதிப்பட்டாலன்றி அதனை உண்மையெனக் கொள்ளலாகாது. பத்துமலைக் கோயிலின் தொடக்க ஆண்டு போன்று கருத்து வேறுபாடு இருக்குமிடத்து இரண்டையும் பதிவு செய்தலே நேர்மையாகும்.

பயன்

இத்திட்டத்தின் விளைவாக நிலையவாரியான தமிழ் வழிகாட்டி நூல் ஒன்றும், ஒலிப்பதிவுத் தொகுப்பு ஒன்றும் உருவாதல் வேண்டும். வழிகாட்டி பயணிகளுக்கு உதவும்; ஒலிப்பதிவும் அதன் எழுத்துவடிவும் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்க்கப்பெற்று ஆய்வாளர்க்கு உதவும். முதலாம் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966இல் நடைபெற்ற கோலாலம்பூரிலேயே இத்தகைய சேமிப்பு அமைவது பொருத்தமுடையது.

முடிவுரை

தமிழர் புலம்பெயர்ந்த நாடுகள் பலவற்றிலும் இருப்புப்பாதையும் தமிழர் வாழ்வும் பிணைந்துள்ளன. ஆதலின் இம்முறையைப் பிற நாடுகளின் பாதைகளுக்கும் பொருத்தலாம். காட்சிக்குரிய தலங்களைப் பட்டியலிடுவதோடு மாணவர் பணி நிறைவுறுவதில்லை. இரு நிலையங்களுக்கு இடையே வாழ்ந்து மறைந்தோரின் பெயர்களைத் தேடிப் பதிவதே அதன் தலையாய கடமையாகும்.