நிலமும் நீரும் நம் உடல்நலமும்

நோய் என்பது தனி மனிதன் ஒருவனின் உடலில் தோன்றும் கோளாறு என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உடல் வலிமை குன்றியவருக்கு நோய் வருகிறது. மருந்து உண்டால் போய்விடுகிறது என்பது பொதுவான கருத்து. ஆனால், ஒரு தோட்டத்தில் லயம் முழுவதும் காய்ச்சலில் படுத்திருக்க, அடுத்த தோட்டத்தில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லையென்றால், அதன் காரணத்தை மனித உடலில் தேடிப் பயனில்லை. அம்மக்கள் வாழும் நிலத்திலும் நீரிலும் வீட்டிலும்தான் தேட வேண்டும். இவ்வுண்மையை உலக மருத்துவர்கள் கற்றுக்கொண்ட இடங்களுள் நம் சிலாங்கூர் மாநிலமும் ஒன்றாகும்.

1897ஆம் ஆண்டில் இந்தியாவின் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1901இல், கிள்ளான் வட்டார அரசாங்க மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன் அக்கண்டுபிடிப்பைச் செயலில் காட்டும் வாய்ப்பைப் பெற்றார். அவ்வாண்டு திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தில், வேலையாட்கள் கூட்டங்கூட்டமாகக் காய்ச்சலில் விழுந்தனர். வாட்சன் மருந்தோடு நின்றுவிடவில்லை. சதுப்பு நிலங்களில் கால்வாய் வெட்டி நீரை வடிக்கவும், புதர்க்காட்டை அழிக்கவும், பள்ளங்களைத் தூர்க்கவும் வற்புறுத்தினார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901ஆம் ஆண்டில் காய்ச்சலால் மாண்டவர் 368 பேர். 1902இல் 59 பேர்.

கோலசிலாங்கூர்க் கரையோரமும் கிள்ளானைப் போன்ற நிலமே. ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக் ஆகிய பகுதிகள் தாழ்ந்த சமவெளியில் அமைந்தவை. இத்தகைய நிலத்தில் காய்ச்சலைப் பரப்பியது அனாபிலிஸ் அம்புரோசஸ் என்னும் கொசு. அது காட்டு நிழலில் அசையாது கிடக்கும் கறுத்த நீரில் முட்டையிடும். காடு வெட்டப்பட்டு, நேரான வாய்க்கால்களில் நீர் ஓடத் தொடங்கியதும் அதற்கு இருப்பிடம் இல்லாமற்போயிற்று. சமவெளித் தோட்டங்களில் ரப்பர் வளர வளர, காய்ச்சல் தானே தணிந்தது.

இனி, சிலாங்கூர் ஆற்றின் வழியே மேல்நோக்கிச் செல்வோம். பத்தாங் பெர்ஜுந்தையைக் (இன்றைய பெஸ்தாரி ஜெயா) கடந்து பத்தாங் காலி, ராசா, கோலகுபு பாரு எனச் செல்லச் செல்ல நிலம் மேடாகிறது. குன்றுகளுக்கிடையே சுனைநீர் கசிந்தோடுகிறது. இத்தகைய குன்றுப் பகுதிகளிலும் தோட்ட நிர்வாகங்கள் அதே முறையைக் கையாண்டன, காட்டை அழித்தன. ஆனால் காய்ச்சல் தணியவில்லை, பெருகியது! குன்று நிலத்தின் கொசு வேறு. அனாபிலிஸ் மாக்குலேட்டஸ் என்னும் அது வெயில் படும் தெளிந்த ஓடைநீரையே நாடுகிறது. காடு இருந்தவரை ஓடைகள் நிழலில் இருந்தன. காட்டை வெட்டியவர்கள் தம்மை அறியாமலே அக்கொசுவுக்கு வேண்டிய வெயிலைக் கொடுத்துவிட்டனர். தெளிந்த நீர் தீங்கற்றது என்னும் நம்பிக்கை நமக்கு வழிவழியாக வந்தது; இவ்விடத்தில் அது பொய்த்தது.

வாட்சன் இதற்கும் வழி தேடினார். பள்ளத்தாக்குகளில் மண்ணுக்கடியில் குழாய் பதித்து, ஓடைநீரை வெளியே தெரியாமல் ஓடச் செய்தார். அது செலவு மிகுந்த வேலை. பின்னர் நீரின்மேல் எண்ணெய் தெளிக்கும் முறை தோட்டங்களில் பரவியது. கொசுப்புழு சிறகு முளைத்துப் பறப்பதற்குச் சுமார் ஒரு வாரத்துக்கு மேலாகும். ஆகவே வாரந்தோறும் தவறாமல் எண்ணெய் தெளிக்க வேண்டும். ஒரு வாரம் தவறினால் முன்னைய உழைப்பெல்லாம் வீணாகும்.

காய்ச்சலின் அளவை அக்கால மருத்துவர்கள் அறிந்த முறை எளியது. தோட்டத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, இடப்பக்க வயிற்றில் கைவைத்து, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தனர். பெரியவர்கள் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறுவர். பிள்ளைகளோ பிறந்த இடத்திலேயே இருப்பவர்கள். ஆதலால் அவர்கள் உடலே அந்நிலத்தின் கணக்கேடு ஆயிற்று. வந்த கூலிகள் நோஞ்சான்கள் என்றும் சோம்பேறிகள் என்றும் பழி கூறியவர்களுக்கு இக்கணக்கு தக்க விடையாயிற்று. தமிழ்நாட்டின் அதே மாவட்டங்களிலிருந்து வந்த மக்கள் கரையோரச் சமவெளியில் நலமாக இருந்தனர்; குன்றோரத்தில் மாண்டனர்.

நிலத்தோடு வாழ்க்கை நிலையையும் சேர்த்தே பார்க்கவேண்டும். 1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் அறநிறுவனத்தின் ஆய்வுக் குழு மலாயாவுக்கு வந்து கொக்கிப்புழு நோயை ஆராய்ந்தது. கழிவறை இல்லாத லயங்களில் மக்கள் மரங்களிடையே ஒதுங்கினர். நிழலும் ஈரமும் நிறைந்த மண்ணில் புழு வளர்ந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சியது. மலேரியாவும் இரத்தத்தை அழிப்பது; இரண்டும் சேர்ந்தால் இரத்தச்சோகை. சோகை பிடித்தவரால் தமக்குரிய மரங்களை வெட்டி முடிக்க இயலாது. கூலி குறைகிறது, கூலி குறைந்தால் உணவு குறைகிறது, உணவு குறைந்தால் நோய் மேலும் எளிதாகப் பற்றுகிறது. கொய்னா மருந்தால் மட்டும் இச்சுழலை அறுக்க முடியாது. கழிவறையும் நல்ல குடிநீரும் காலணியும் வேண்டும்.

ஆதலால்தான் வீட்டு வசதி சட்டத்துக்குரிய பொருளாயிற்று. தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரத்தை 1966ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. அதன் பின்வந்த 1990ஆம் ஆண்டுச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டது. தோட்டக் குடியிருப்பில் குழாய்நீருக்கும் மின்சாரத்துக்கும் வழிசெய்வதும், கட்டடங்களைப் பழுது பார்ப்பதும் முதலாளியின் கடமையாகும். குழாயில் நீர் வராவிடின், அதைப் பொறுத்துக்கொண்டு வாளிகளில் மழைநீரைச் சேர்த்து வைப்பதைவிடத் தொழிலாளர் இலாகாவிடம் முறையிடுவதே நலம். சேர்த்து வைத்த நீரில் ஏடிஸ் கொசு வளரும்.

மலேரியாவின் பழைய கதை பெரும்பாலும் முடிந்தது; மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்நாட்டு மலேரியா 2018ஆம் ஆண்டில் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. எனினும் குரங்குகளிடம் உள்ள நோலெசி என்னும் மலேரியா, காட்டுக் கொசுவின் வழியாக மனிதருக்கு வருகிறது. 1965இல் பகாங் காட்டுக்குச் சென்ற அமெரிக்கர் ஒருவரிடம் அது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. உலு சிலாங்கூரிலும் இந்நோய் கண்டதுண்டு. இது விரைவில் முற்றக்கூடியது. காட்டோர வெட்டில் வேலை செய்பவருக்குக் காய்ச்சல் கண்டால், வேலை செய்த இடத்தையும் மருத்துவரிடம் மறவாமல் கூறவேண்டும்.

சமவெளியில் இன்று அஞ்சவேண்டியது டெங்கிக் காய்ச்சல். பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. எஞ்சிய ரப்பர் மரங்களில் தொங்கும் மங்குகளோ மழைநீரை ஏந்துகின்றன. இலையுதிர் காலத்தில் மரங்களுக்கு ஓய்வு தரும்போதும், மழையால் பால்வெட்டு நாட்கணக்கில் தடைப்படும்போதும் அம்மங்குகள் ஏடிஸ் கொசுக்களின் தொட்டில்களாகின்றன. வெட்டை நிறுத்தும் நாளில் ஒவ்வொரு மங்கையும் கவிழ்த்து வைத்துவிட்டு வருவது, ஒரு மரத்துக்கு ஒரு நொடி வேலை.