தீவுக்குத் திரும்பலாமா?

பசிபிக் பெருங்கடலில் மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த பவழத் தீவுத்திட்டு பிகினி. 1946-ஆம் ஆண்டு அங்கு வாழ்ந்த 167 பேரை வெளியேற்றிவிட்டு, 1958 வரை 23 அணுகுண்டுச் சோதனைகளை அமெரிக்கா நடத்தியது. 1968-இல் ‘திரும்பலாம்’ என்று அறிவிக்கப்பட்டது. சில குடும்பங்கள் திரும்பின. ஆனால் 1978-இல் அவர்கள் மீண்டும் வெளியேற நேர்ந்தது. ஏன்?

கதிர்வீச்சு நம்மை இரு வழிகளில் தாக்கும். ஒன்று, தரையிலிருந்து வெளிப்புறமாக. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில், மோனசைட் மணலிலுள்ள தோரியத்தால் வரும் கதிர்வீச்சு பெரும்பாலும் இவ்வகை. மற்றொன்று, உணவு வழியே உட்புறமாக. பிகினியில் இதுவே பெரிது.

காரணம் சீசியம்-137. இது வேதிக் குணத்தில் பொட்டாசியத்தை ஒத்தது. பவழ மண்ணிலோ பொட்டாசியம் மிகக் குறைவு. எனவே தென்னை அதற்குப் பதிலாகச் சீசியத்தை உறிஞ்சியது. தேங்காயும் இளநீரும் உண்டவர் உடலில் அது சேர்ந்தது. உள்ளூர் உணவை அவர்கள் எவ்வளவு உண்பார்கள் என்பது முன்பு குறைவாகவே மதிப்பிடப்பட்டிருந்தது.

இதற்குப் பரிகாரம் உண்டா? வேப்பனப்பள்ளி உழவரும் அறிந்த பொட்டாஷ் உரம்தான்! மண்ணில் பொட்டாசியம் மிகுந்தால் மரம் சீசியத்தைக் குறைவாகவே ஏற்கும். பன்னாட்டு அணுசக்தி முகமை 1998-இல் வெளியிட்ட அறிக்கை, பரிகாரம் செய்யாமல் நிரந்தரமாகக் குடியேற வேண்டாம் என்றது, இவ்வுரத்தையும் பரிந்துரைத்தது. சீசியத்தின் அரை ஆயுள் சுமார் 30 ஆண்டுகள். 1958-இல் இருந்ததில் கால் பங்குக்கும் குறைவே இன்று எஞ்சியிருக்கும்.

ஆகவே, வாசகர்களே, தரையை மட்டும் அளந்தால் போதாது. குடியேறுவோரின் சமையற்கட்டையும் அளக்க வேண்டும்.