கியர் விழ மறுத்தால்...

மலைப்பாதையில் நெடுநேரம் விரைந்து ஓட்டியபின் கியர் விழ மறுத்தால், கியர்ப்பெட்டியே பழுதென்று முடிவுகட்டலாகாது. அதைக் கழற்றும் கூலி ஒரு மாத ஊதியத்தையே விழுங்கக்கூடும்.

முதலில் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கியர்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். அப்போது எளிதாக விழுந்து, எஞ்சின் இயங்கும்போது மட்டும் மறுத்தால், கிளச் முழுமையாக விடுபடவில்லை என்பதே பொருள். ஒயில் அழுத்தத்தால் இயங்கும் கிளச்சில், ஈரமேறிய பழைய பிரேக் ஒயில் வெப்பத்தில் கொதித்து ஆவியாகும், மிதி தளரும். ஆறியதும் சீராவது இதன் அடையாளம். ஒயிலை மாற்றிக் காற்றை வெளியேற்றினால் பெரும்பாலும் போதும்.

எஞ்சின் நின்றபோதும் இறுகினால் கியர்த்தடியின் இணைப்புகளைச் சோதிக்கவேண்டும். ஒரே கியர் மட்டும் கரகரத்தால் அதன் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கலாம். அப்போது பெட்டியைக் கழற்ற நேரும். கராஜில் இவ்வேறுபாட்டை எடுத்துரையுங்கள்; வீண்செலவு தவிரும்.