பவளத் தொட்டியில் படரும் செம்படலம்: காரணமும் நீக்கும் முறையும்

கடல்நீரைக் கண்ணாடித் தொட்டியில் நிரப்பி, அதில் பவளங்களையும் மீன்களையும் வளர்க்கும் வழக்கம் பல நாடுகளில் பரவியுள்ளது. ஜகார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், உயிரினங்கள் குடிகொண்ட கடற்பாறைத் துண்டுகளையும் காற்றுக் குமிழிகளையும் கொண்டே தொட்டி நீரைத் தூய்மையாக வைத்திருக்கலாம் என்று 1961-ஆம் ஆண்டில் எழுதினார். பின்னர் விளக்குகளும் பம்புகளும் சீர்திருந்தியமையால், வீட்டிலேயே பவளம் வளர்ப்பது இயலுவதாயிற்று.

இத்தகைய தொட்டிகளை வைத்திருப்போர் பலர் எதிர்கொள்ளும் இடர் ஒன்று உண்டு. மணல் மீதும் பாறை மீதும் கருஞ்சிவப்பு நிறமான, வழுவழுப்பான படலம் ஒன்று தோன்றிச் சில நாட்களில் தொட்டி முழுவதும் பரவுகிறது. அது பவளத்தின் மீது படியுமாயின், ஒளியும் நீரோட்டமும் தடைப்பட்டுப் பவளத்தின் சதைப்பகுதி அழிகிறது.

நம் நாட்டில், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கற்பவளங்கள் 2001-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டன. ஆகவே அவற்றை நம் கடல்களிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றமாகும். எனினும் பவளம் இல்லாத கடல்மீன் தொட்டிகளிலும் இப்படலம் தோன்றுவதுண்டு. பள்ளிகளிலும் மீன்வள நிலையங்களிலும் அத்தகைய தொட்டிகளைப் பராமரிப்போருக்கு ஈண்டுக் கூறப்படும் முறைகள் பயன்படும்.

படலத்தின் இயல்பு

இப்படலத்தை உண்டாக்கும் உயிர்கள் முற்காலத்தில் நீலப்பச்சைப் பாசிகள் எனப்பட்டன. அவற்றின் உயிரணுவில் உட்கரு இல்லை. ஆதலின் அவை பாசி இனத்தைச் சேர்ந்தவை அல்ல, பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தவை என்பது தெளிவாகி, இப்பொழுது சயனோபாக்டீரியா என வழங்கப்படுகின்றன. பச்சையத்துடன் பைக்கோசயனின் என்னும் நீல நிறப்பொருளும், பைக்கோஎரித்ரின் என்னும் சிவப்பு நிறப்பொருளும் அவற்றில் உள்ளன. சிவப்பு மிகுந்த இனங்களே தொட்டியில் செம்படலமாகக் காணப்படுகின்றன.

இவை உலகிற்குத் தீங்கு செய்யும் உயிர்கள் என்று கருதுதல் தவறாகும். ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வளிமண்டலத்தில் பிராணவாயு பெருகத் தொடங்கியது இவற்றின் செயலாலேயே ஆகும். நெல் வயல்களில் இவை காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்தி மண்ணை வளப்படுத்துகின்றன என்பதை இந்திய விஞ்ஞானி பி. கே. டே 1939-இல் எடுத்துக் காட்டினார். வயலில் உழவனுக்கு உதவும் இதே ஆற்றல் தொட்டியில் இடராக முடிகிறது. தொட்டி நீரில் நைட்ரேட் தீர்ந்து பாஸ்பேட் எஞ்சியிருக்குமாயின், மற்றைப் பாசிகள் வளர இயலாது தேங்கி நிற்கும். ஆனால் நைட்ரஜனைத் தாமே நிலைப்படுத்த வல்ல சயனோபாக்டீரியா இனங்கள் தடையின்றிப் பெருகும்.

உணவு எங்கிருந்து வருகிறது?

தொட்டியில் பாஸ்பேட் மிகுவதற்குத் தலையாய காரணம் நாம் இடும் மீன் உணவே. இதனை ஓர் எளிய கணக்கினால் விளக்கலாம். உலர்ந்த மீன் உணவில் நூற்றில் ஒரு பங்கு பாஸ்பரஸ் உள்ளதாகக் கொள்வோம். அவ்வாறாயின் 1 கிராம் உணவில் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ், அதாவது ஏறத்தாழ 30 மில்லிகிராம் பாஸ்பேட் அடங்கியுள்ளது. 200 லிட்டர் நீரில், லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வீதம் கரைந்துள்ள பாஸ்பேட் முழுவதும் சேர்ந்து 20 மில்லிகிராம் மட்டுமே. எனவே ஒரு கிராம் உணவு வீணாகி அழுகினால், அத்தொட்டியின் பாஸ்பேட் அளவை இரு மடங்குக்கு மேல் உயர்த்த அதுவே போதும்.

நீரைச் சோதிக்கும்பொழுது சிலருக்கு ஒரு மயக்கம் ஏற்படுகிறது. படலம் செழித்திருக்க, சோதனையில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகக் குறைவாகவே காணப்படலாம். இதற்குக் காரணம், கரைந்த சத்துக்களைப் படலம் உடனுக்குடன் ஈர்த்துக் கொள்வதே. மேலும், மணலில் தங்கிய கழிவு படலத்தின் அடியில் சிதைந்து, அங்கிருந்தே அதற்கு உணவளிக்கிறது. கரீபியக் கடலில் குராசோ தீவின் பவளத் திட்டுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியிடப்பட்ட ஆய்வும், கடலடி மணலில் சிதையும் கரிமக் கழிவே இத்தகைய படலங்கள் பெருகக் காரணமாகிறது எனக் காட்டிற்று.

இனங்காணும் முறை

மணல் மீது தோன்றும் எல்லாப் படலமும் சயனோபாக்டீரியா அன்று. புதிய தொட்டிகளில் பழுப்புத் தூள் போலப் படிவது பெரும்பாலும் டயாட்டம் என்னும் பாசியாகும். நூல் நூலாகத் தொங்கிக் குமிழிகளைத் தாங்கி நிற்கும் பழுப்புச் சளி, டைனோபிளாஜெல்லேட் இனமாக இருக்கக்கூடும். சயனோபாக்டீரியாவோ துணி போல ஒன்றுபட்டிருந்து, தொட்டால் தகடு தகடாகப் பெயரும். ஒரு துளியைப் பள்ளி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், உட்கருவற்ற உயிரணுக்கள் வரிசையாக அமைந்த மெல்லிய இழைகளைக் காணலாம். மாணவர்களுக்கு இது பயனுள்ள பாடமாகவும் அமையும்.

நீக்கும் முறை

முதலாவதாக, பம்புகளை நிறுத்திவிட்டு, மெல்லிய சைபன் குழாயினால் படலத்தை உறிஞ்சி வெளியேற்றுக. நீரோட்டம் இருக்கும்பொழுது அதனைக் கிளறினால், துண்டுகள் சிதறிப் புதிய இடங்களில் வேரூன்றும். மணலிற் படிந்த கழிவையும் பகுதி பகுதியாக அகற்றுதல் வேண்டும்.

இரண்டாவதாக, வெளியேறிய நீருக்கு ஈடாக, ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த நீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்து ஊற்றுக. ஆவியான நீரை ஈடு செய்வதற்கு உப்புக் கலவாத சுத்திகரித்த நீரையே சேர்க்க வேண்டும். நீர் மாற்றுவதன் பயன் மெதுவாகவே தெரியும். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால், புதிதாக எதுவும் சேராத நிலையிலும், லிட்டருக்கு 20 மில்லிகிராமாக இருந்த நைட்ரேட் நான்கு வாரங்களில் ஏறத்தாழ 13 மில்லிகிராமாகவே குறையும்.

மூன்றாவதாக, உணவின் அளவைக் குறைக்க வேண்டும். சில நிமிடங்களில் மீன்கள் உண்டு தீர்க்கும் அளவே போதுமானது. உறைந்த உணவாயின், அதனை உருக வைத்து, வடியும் நீரைக் கொட்டிவிட்டுப் பின்னர் இடுக. வடிகட்டியின் பஞ்சை மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு முறை மாற்றுதலும், நுரை பிரிப்பானைத் தவறாது கழுவுதலும் அவசியம்.

நான்காவதாக, படலம் முதலில் தோன்றிய இடங்களை நோக்கி நீரோட்டத்தைத் திருப்புக. அவை பெரும்பாலும் நீர் அசையாது நிற்கும் மூலைகளாகவே இருக்கும்.

பாஸ்பேட்டை ஈர்க்கும் இரும்பு ஆக்சைடு மணிகளைச் சிறிது சிறிதாகவே பயன்படுத்தல் வேண்டும். திடீரெனப் பாஸ்பேட் குறைந்தால் பவளங்கள் நலிவுறும். சத்துக்களை முற்றிலும் அகற்றிவிட முயல்வதும் தகாது. பவளத்திற்கும் அவை தேவையாதலின், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சிறிதளவேனும் நீரில் இருத்தல் வேண்டும்.

மருந்துகளைப் பற்றிய எச்சரிக்கை

எரித்ரோமைசின் போன்ற எதிருயிர் மருந்தினை இட்டால், படலம் இரண்டு மூன்று நாட்களில் மறைந்துவிடும். இதனைக் கண்டு பலரும் அம்முறையையே முதலில் நாடுகின்றனர். ஆனால் சயனோபாக்டீரியா பாக்டீரியா இனத்தைச் சேர்ந்ததாதலின், அதனைக் கொல்லும் மருந்து, அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றி மீன்களைக் காக்கும் பாக்டீரியாக்களையும் தாக்கக்கூடும். இறந்த படலம் அழுகும்பொழுது நீரிலுள்ள பிராணவாயு குறைந்து, விடியற்காலையில் மீன்கள் மேற்பரப்பிற்கு வந்து திணறும். மூன்று நாட்கள் விளக்கை அணைத்துத் தொட்டியை இருளில் வைக்கும் முறையிலும் இவ்வபாயம் உண்டாதலால், அக்காலத்தில் காற்றுக் குமிழிகளை இடைவிடாது செலுத்த வேண்டும்.

மருந்திட்ட நீரை வடிகாலிலோ கடலிலோ கொட்டுவது, மருந்திற்கு அடங்காத நோய்க்கிருமிகள் தோன்றுவதற்கு வழிகோலும். மனிதருக்குப் பயன்படும் மருந்து ஒன்று இவ்வாறு வலுவிழப்பது பெருங்கேடாகும். இவையெல்லாம் ஒருபுறமிருக்க, மருந்தினால் படலம் அழிந்தாலும் அதன் உணவு தொட்டியிலேயே தங்குகிறது. ஆகையால் சில வாரங்களில் அது மீண்டும் தோன்றுதல் இயல்பே.

தொட்டி கற்பிக்கும் பாடம்

இட்ட உணவின் அளவு, மாற்றிய நீரின் அளவு, நைட்ரேட், பாஸ்பேட் அளவுகள், படலம் பரவிய இடம் ஆகியவற்றை வாரந்தோறும் குறிப்பேட்டில் பதிந்து வருக. எந்த மாறுதலுக்குப் பின் படலம் குறைந்தது என்பதை மாணவர்கள் தாமே கண்டறிவர். சில நாட்களில் பலன் காணாது முறையை மாற்றுவோர் உண்மைக் காரணத்தை அறிவது அரிது.

கடலிலும் இதே விதியே செயற்படுகிறது. குராசோ, பொனேர் தீவுகளின் பவளத் திட்டுகளில் 1973 முதல் 2013 வரையிலான நாற்பது ஆண்டுகளில் பவளப் பரப்பு சுருங்க, சயனோபாக்டீரியாப் படலங்கள் பெருகின. கரையிலிருந்து சேரும் சாக்கடை நீரும் உரக் கழிவும் தொட்டியில் மிஞ்சிய உணவைப் போன்றவையே. கச்சு வளைகுடா, மன்னார் வளைகுடா, இலட்சத்தீவு, அந்தமான் ஆகிய இடங்களில் நமக்குள்ள பவளத் திட்டுகளைச் சைபன் குழாயினால் தூய்மை செய்ய இயலாது. கரையில் கழிவைத் தடுப்பதொன்றே அங்குச் செய்யத்தக்க சிகிச்சையாகும். களப்பணியாளர் இதனைக் கரையோர மக்களுக்கும், ஆசிரியர்கள் தம் மாணவர்களுக்கும் எடுத்துரைப்பார்களாக.